உப்புத் தண்ணீர்ப் பரீட்சை

அத்தியாயம் 9

யூனிஸ் டீச்சருக்கு வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன் என்ற செய்தி, போன வாரம் நாம் அவளை விட்டுவிட்டு வந்தபோதே பாளையங்கோட்டை மார்க்கெட் வரைக்கும் போய்விட்டிருந்தது. கத்தரிக்காய் விற்கிறவள்கூட, "எந்தக் கண்ணு டீச்சர்?" என்று விசாரித்தாள். யார் சொல்லிப் பரவியது என்று தேட வேண்டியதில்லை. டீச்சரே சொன்னதுதான்.

ஆபரேஷனுக்கு இவ்வளவு அவசரப்படக் காரணம் உண்டு. வருகிற இருபத்து நாலாம் தேதி நாசரேத்திலிருந்து மகள் ரீபாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை ஹெப்ரானுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. அப்பா பாக்கியசீலன் அதிகம் பேசாதவர். அம்மா கிரேஸ் அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள்; கடிதமெல்லாம் அந்த அம்மாள் கைப்படத்தான் வரும்.

டீச்சருக்கோ இரண்டு கண்ணிலும் புரை. எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்பது வரைக்கும் தெரியும். சிரிக்கிறாரா, முறைக்கிறாரா என்பது தெரியாது. ஒரே மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனை அப்படி மூடுபனிக்குள் பார்க்க அவளுக்கு மனமில்லை. ஒரு கண்ணையாவது சரி செய்துகொண்டு, அவனை எதிரே உட்காரவைத்து, முகத்தைப் பார்த்து நாலு கேள்வி கேட்க வேண்டும். அதுதான் அவளுடைய திட்டம்.

வீட்டுக்காரர் பார்த்துச் சொல்ல மாட்டாரா என்று கேட்பீர்கள். நேசையாவின் வாயிலிருந்து யாரைப் பற்றியும் "நல்ல பையன்" என்பதைத் தவிர வேறு வந்ததில்லை. போன மாதம் வாசலில் இருந்த பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடினானே, அவன் எப்படி இருந்தான் என்று போலீஸ்காரர் கேட்டபோதும், "பாக்கதுக்கு நல்ல பையன் மாதிரிதான் இருந்தான்" என்றார் மனுஷன்.

ரீபாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று வாசகிகள் சிலர் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை நாலாவது வாரத்திலேயே முடிந்திருக்கும்.

இனி புதன்கிழமைக்கு வருவோம். ஆபரேஷனுக்கு முந்தைய சோதனைகளுக்கு அன்றுதான் வரச் சொல்லியிருந்தார்கள்.

காலை ஆறு மணிக்கு நேசையா வழக்கம் போலப் பின்கட்டில் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தார். சர்க்கரை வியாதி உள்ள வீடுகளில் இந்தச் சடங்கு தெரிந்திருக்கும். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து, அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர். கொதித்தால் நிறம் மாறும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய், செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் பெட்டி படுக்கையோடு டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

நேசையாவுக்கு இது கைவந்த வேலை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்து ரசாயனக் கூடத்தில் லேப் அசிஸ்டெண்டாக இருந்தவர். அதே முப்பது வருஷமும் டீச்சர் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தாள். பரீட்சை ஹாலில் பிட் வைத்திருந்த நாற்பத்தோரு பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவள் என்று அவளுக்கு ஊரில் பெயர்.

"என்ன நெறம்?" என்று அடுக்களையிலிருந்து டீச்சர் குரல் கொடுத்தாள்.

"பச்சை."

"எந்தப் பச்சை?"

"இளம்பச்சை. வாழைக்குருத்து மாதிரி இருக்கு, டீச்சர்."

ஊரே அவளை டீச்சர் என்று கூப்பிடுவதால் அவரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்.

டீச்சருக்குப் பரம திருப்தி. வலது கட்டைவிரலில் செருகியிருந்த எலுமிச்சம்பழத்தைக் கழற்றி வைத்தாள். பத்து நாளாக நகச்சுத்தி. பழத்தைச் செருகினால் பழுத்து உடைந்துவிடும் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னதைக் கேட்டு மூன்று பழம் மாற்றியாயிற்று. விரல்தான் பழத்தைவிடப் பெரிதாகிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் காட்டி வேலையை இழுத்துக்கொள்ள வேண்டாம் என்று கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

காட்டக் கூடாத இன்னொன்றும் இருந்தது. வலது கண்ணில் ஆறு மாதமாக நீர் வடிகிறது. சில நாள் காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். டீச்சர் அதற்குச் சூடு என்று பெயர் வைத்து, நந்தியாவட்டைப் பூவை ஒற்றிக்கொண்டு, விஷயத்தை முடித்துவிட்டாள்.

வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆஸ்பத்திரிக்குள் போய், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தபோது மணி எட்டு. நேசையாவை ஆண்கள் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்தில் ஒரு வெள்ளை உருவம் நகர்ந்து இடம் விட்டது.

"உக்காருங்கம்மா. எந்தக் கண்ணு?"

"வலது."

"எனக்கு இடது. நேத்தே எல்லாம் பாத்து முடிச்சிட்டாக. இன்னைக்கு மத்தியானம் உள்ள கூட்டிட்டுப் போறாக. இன்னா பாருங்க, நெத்தியில ஒட்டியிருக்காகல்லா."

டீச்சர் குனிந்து, மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்த்தாள். இடது புருவத்துக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி. எந்தக் கண் என்று மாறிப் போகாமல் இருக்க ஒட்டுவது. எல்லாச் சோதனையிலும் தேறினவர்களுக்குத்தான் அது கிடைக்கும். பெஞ்சில் இருந்த ஏழெட்டுப் பேரில் அது இருந்தவர்கள் நெற்றியை நிமிர்த்திக்கொண்டு இருந்தார்கள். டீச்சருக்கு உடனே அது வேண்டியிருந்தது.

வெள்ளை உருவத்தின் பெயர் ஜுபைதா பீவி. மேலப்பாளையம். மகன் துபாயில். அவளுக்கும் பத்து வருஷமாகச் சர்க்கரை. இவ்வளவும் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

"இன்னும் என்னதெல்லாம் பாப்பாக?" என்று டீச்சர் கேட்டாள்.

"பிரசர் பாப்பாக. அப்புறம் அந்த உப்புத் தண்ணிதான். கண்ணோரத்துல மொட்டை ஊசிய வச்சு உப்புத் தண்ணி அடிப்பாக. தொண்டைக்கு வந்துச்சா, உப்பா இருக்கான்னு அந்தப் புள்ள கேக்கும். ஆமான்னு சொன்னாத்தான் நெத்தியில ஒட்டுவாக."

"இல்லன்னு சொன்னா?"

"வீட்டுக்குத்தான். எனக்கு முன்னால ஒரு களக்காட்டுக்காரி, ஒண்ணும் வரலியேன்னு சொன்னா. சேலையச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டா பாவம்."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேள்வித்தாள் வெளியே வந்துவிட்டது. விடையும் கூடவே வந்துவிட்டது.

மனசாட்சி ஒரு நிமிஷம் முனகத்தான் செய்தது. அவளுடைய மனசாட்சியும் கணக்கு டீச்சருடையதுதானே, வாதம் செய்தால் கேட்கும். காப்பி என்பது தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவது. இது அப்படியல்ல. தன் தொண்டை, தன் நாக்கு. எப்படியும் உப்புக் கரிக்கப் போகிறது. கரிக்கப் போவதைக் கரித்தது என்று சொல்வதில் தப்பு என்ன வந்தது? மனசாட்சி வாயை மூடிக்கொண்டது.

பத்து மணிக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். சோதனை செய்கிற பெண் இசக்கியம்மா. இருபத்தொரு வயதுதான் இருக்கும். ஒரு நாளைக்கு எழுபது கண்களைப் பார்த்துப் பார்த்து, ஆள் முகத்தைப் பார்க்கிற வழக்கத்தையே விட்டிருந்தாள்.

"மேல பாருங்க டீச்சர். மருந்து விட்டிருக்கேன். கண்ணு மரத்துப் போச்சா?"

"ஆமா, உப்பா இருக்கு," என்றாள் டீச்சர்.

இசக்கியம்மாவின் கை நின்றது.

"இன்னும் தண்ணியே விடலியே. சிரிஞ்சிய இப்பதான் எடுக்கேன்."

"சரி, விடு."

ஊசி கண்ணோரத்தில் நுழைவது தெரிந்தது. வலியில்லை, ஒரு அழுத்தம் மட்டும். டீச்சர் தொண்டையைத் தயாராக வைத்துக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. விழுங்கிப் பார்த்தாள். காலையில் குடித்த வெந்நீரின் ருசிகூட இல்லை. வெதுவெதுப்பாக ஏதோ கன்னத்தில் இறங்கிக் கழுத்தில் ஓடியது.

"தொண்டைக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. நல்ல உப்பு. வாயெல்லாம் உப்பா இருக்கு."

இசக்கியம்மா மூக்கை ஒட்டின ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினாள். டீச்சருக்குச் சுரீர் என்றது.

"டீச்சர், விட்ட தண்ணி பூரா வெளிய வந்துட்டு. ஜாக்கெட்டே நனைஞ்சிட்டு. வந்தது தண்ணி மட்டும் இல்ல." அவள் திரும்பி, "சார், இங்கன கொஞ்சம் வாங்க," என்றாள்.

நாற்பத்தோரு பேரைப் பிடித்தவள் நாற்காலியில் பிடிபட்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஈரம். பரீட்சை ஹாலில் அந்தப் பிள்ளைகள் ஏன் எழுந்து ஓடாமல் அப்படியே விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

டாக்டர் வைத்தீஸ்வரன் அதட்டிப் பேசத் தெரியாதவர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விளக்கை அடித்துப் பார்த்தார். நேசையாவையும் உள்ளே வரச் சொன்னார்.

"உப்புன்னு ஏன் சொன்னீங்க, டீச்சர்?"

"உப்பா இருந்த மாதிரிதான் இருந்துச்சு."

"இருக்க வழியே இல்ல. கண்ணுல இருந்து மூக்குக்குப் போற குழாய் அடைச்சிருக்கு. ஓரத்துல உள்ள பையில சீழ் கட்டி நிக்கு. ரொம்ப நாளா தண்ணி வடிஞ்சிருக்கணுமே?"

"சூடுன்னு நெனச்சேன்."

"இந்தப் பொண்ணு நீங்க சொன்னத நம்பி எழுதியிருந்தா, வெள்ளிக்கிழமை நான் கண்ணைத் திறந்திருப்பேன். அந்தச் சீழ் உள்ள போயிருக்கும். சர்க்கரை இல்லாத உடம்புக்கே அது தாங்காது. உங்களுக்கு ஞாயித்துக்கிழமை கண்ணு இருந்திருக்காது."

அவர் இதைச் சொன்ன விதத்தில் மிரட்டல் எதுவும் இல்லை. அதனால்தான் டீச்சருக்கு உள்ளங்கால் வரைக்கும் பயம் இறங்கியது. மங்கலாகத் தெரிகிற மகள் முகம், மங்கலாகக்கூடத் தெரியாமல் போவதை நினைத்தாள். கை தன்னையறியாமல் முந்தானையை விட்டு வெளியே வந்தது.

"விரல்ல என்ன?"

"நகச்சுத்தி."

டாக்டர் விரலைத் திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ரத்தத்துல சர்க்கரை ஏறிட்டா கிருமிக்குப் பந்தி போட்ட மாதிரிதான். உங்களுக்கு விரல்ல ஒரு பந்தி, கண்ணோரத்துல ஒரு பந்தி நடந்துகிட்டு இருக்கு. எதுத்து நிக்க வேண்டிய சக்தியும் குறைஞ்சிரும். எங்க இடம் கிடைச்சாலும் உக்காந்திரும். பல்லு, பாதம், சிறுநீர்னு எல்லாத்தையும் பாக்கணும்."

"ஆனா எனக்குச் சர்க்கரை கட்டுக்குள்ளதான் இருக்கு, டாக்டர்," என்றாள் டீச்சர். இந்த ஒரு பாடத்திலாவது அவள் தேறியிருந்தாள். "தெனமும் வீட்டுல வச்சுப் பாக்கோம். இன்னைக்குக் காலையிலகூட இளம்பச்சை."

டாக்டர் மேஜை மேல் இருந்த சீட்டை எடுத்தார். "காலையில எடுத்த ரத்தம். இருநூத்தி எண்பத்தாறு. வெறும் வயித்துல."



"இதுக்குப் பச்சை வராதே," என்றார் டாக்டர். "வீட்டுல நெறம் பாக்குறது யாரு?"

சுவரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக ஒரு அட்டை தொங்கியது. நேசையா அதை மேலிருந்து கீழே வரைக்கும் வாசித்து முடித்தார். பிறகு மறுபடியும் மேலே போனார்.

"ஏங்க," என்றாள் டீச்சர்.

"செங்கல்," என்றார் நேசையா, அட்டையைப் பார்த்துக்கொண்டே.

"எது?"

"நெறம். செங்கல் நெறம்தான், டாக்டர். ஈஸ்டர்ல இருந்து."

ஜூலை மாதம் பாதி ஆகியிருந்தது.

மற்றதெல்லாம் டீச்சர் காதில் பாதிதான் விழுந்தது. நாளையிலிருந்து காலையும் மாலையும் இன்சுலின். விரலுக்கும் கண்ணுக்கும் சேர்த்து மாத்திரை. சர்க்கரை இறங்கினதும் அந்தப் பைக்கு ஒரு சின்ன ஆபரேஷன். அது ஆறின பிறகுதான் புரைக்கு.

"இருபத்து நாலாந் தேதிக்குள்ள முடியுமா?" என்று அவள் கேட்டாள்.

"செப்டம்பர் இருபத்து நாலுன்னா பாக்கலாம்," என்றார் டாக்டர்.

வெளியே வந்தபோது ஜுபைதா பீவி கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா, நெத்தியில ஒண்ணையும் காணும்?"

"நீங்க சொன்ன மாதிரியே உப்புன்னு சொன்னேன்."

"நான் எங்கம்மா பொய் சொல்லச் சொன்னேன்? எனக்கு நெசமாவே கரிச்சுதும்மா. அல்லா பேர்ல சொல்லுதேன், இன்னும் நாக்குல இருக்கு."

டீச்சர் அவளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தாள். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசாரத்தான் சொன்னாள்.

வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் இரண்டு பாளையங்கோட்டை பஸ்கள் வந்து போய்விட்டன. டீச்சர் ஏறவில்லை. அதனால் நேசையாவும் ஏறவில்லை. ஒரு புடவைக் கடையின் நிழலில் இருவரும் நின்றார்கள்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

நேசையா குடையின் கைப்பிடியைத் துடைத்தார். "மார்ச்சுல ஒரு நாள் ஆரஞ்சுன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா? நீ மூணு நாள் பச்சத் தண்ணி பல்லுல படாம கெடந்த. நாலாவது நாள் கோயில்ல ஆராதனைப் பாட்டுக்கு நடுவுல மயங்கி விழுந்த. எனக்கு உசிரே இல்ல. அதுக்கப்புறம் வாய் வரல."

"கண்ணே போயிருக்கும்."

"தெரியாம போச்சு. கண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா? உனக்கு மனசு சந்தோசமா இருந்தா சர்க்கரை தானா எறங்கிரும்னு நெனச்சேன்."

"முப்பது வருசம் லேப்ல என்னத்தக் கத்துக்கிட்டீங்க?"

நேசையா குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "பிராக்டிகல் பரீட்சையில பிள்ளைக கை நடுங்கும், டீச்சர். கொடுத்த உப்பு என்னதுன்னு தெரியாம முழிக்கும். நான் பக்கத்துல போயி, காப்பர் சல்பேட்னு பைய சொல்லிட்டு வந்துருவேன். மூஞ்சி அப்படியே மலரும். அதைப் பாத்துப் பாத்துப் பழகிட்டு."

டீச்சருக்கு வந்த கோபத்தில் புடவைக் கடைப் பொம்மைகூட ஒதுங்கி நின்றிருக்கும். இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே பாயில், பரீட்சையின் பரம விரோதியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். சத்தம் போட வாயைத் திறந்தாள். ஜாக்கெட்டின் கழுத்து இன்னும் காயாமல் பிசுபிசுத்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அவர் அழுவது அவளுக்குத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினது கேட்டது.

"அழாதீங்க. எல்லாரும் பாக்காக," என்றாள். யார் பார்க்கிறார்கள் என்பது அவளுக்கு எங்கே தெரியும்.

மூன்றாவது பஸ் வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இனிமே எனக்கு நெறத்த மாத்திச் சொல்லக் கூடாது. செங்கல்னா செங்கல். எனக்குக் கண்ணு வார வரைக்கும் நீங்கதான் கண்ணு. அது பொய் சொன்னா நான் எங்கன போவேன்?"

"சொல்ல மாட்டேன்."

"சர்க்கரைக்கு மட்டும் இல்ல. வீட்டுல எதுனாலும்."

"எதுனாலும் மாத்திச் சொல்ல மாட்டேன், டீச்சர்," என்றார் நேசையா. சொன்னபோது அவர் முகம் மலரவில்லை. முப்பது வருஷப் பழக்கத்தை வண்ணார்பேட்டை ஸ்டாப்பில் விட்டுவிட்டு ஏறுவது லேசான காரியமா?

சாயங்காலம் ஐந்து மணிக்கு ரீபா வேலையிலிருந்து வந்தாள். ஒரு தனியார் பள்ளிக்கூடத்து ஆபீசில் அவளுக்கு வேலை. அம்மாவின் விரலில் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட கட்டைப் பார்த்தாள். அலமாரியில் புதிதாக வந்திருந்த இன்சுலின் சீசாவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் காபி போட்டு, சர்க்கரை இல்லாமல் கொண்டுவந்து வைத்தாள். பிறகு வாசல் கதவில் செருகியிருந்த கடிதத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள்.

"நாசரேத்துல இருந்து," என்றாள்.

"வாசிங்க," என்றாள் டீச்சர். "ஒரு எழுத்து விடக் கூடாது."

நேசையா பிரித்தார். அவருடைய கண் முதலில் கடிதம் முழுக்க ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்தது. தொண்டையைச் செருமினார். ஒரு தடவை செருமினார், இரண்டு தடவை செருமினார்.

"ஏங்க, இன்னைக்கு மத்தியானம் என்ன சொன்னீங்க?"

அவர் வாசித்தார். குரல் பரீட்சைக்கு வந்த பிள்ளையின் கை மாதிரி நடுங்கியது.

"கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு, ஸ்தோத்திரம். இருபத்து நாலாம் தேதி வருவதாக இருந்தோம். அதற்குள் ஒரு காரியம் கேள்விப்பட்டோம். உங்களுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை என்றும், இரண்டு கண்ணும் போய்விட்டது என்றும் சொல்லுகிறார்கள். இதை நீங்கள் எங்களுக்கு எழுதவில்லை. இந்த வியாதி தாய்வழியில் இறங்கும் என்று எங்கள் உறவில் எல்லாரும் பயப்படுகிறார்கள். பெண்ணுக்கு ரத்தம் பார்த்து, டாக்டர் கையெழுத்தோடு அனுப்பிவைத்தால் மேற்கொண்டு பேசலாம். தப்பாக நினைக்க வேண்டாம். கிரேஸ்."

அவர் காகிதத்தை மடித்தார். "ஒரு எழுத்து விடல," என்றார்.

டீச்சருக்கு அவமானம்தான். வியாதி தனக்கு, விசாரணை மகளுக்கு. கல்யாணம் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று, சம்பந்தப் பேச்சு தொடங்கிய இந்த ஒன்பது மாதமாக மறைத்ததும் அவள்தான். மறைத்ததை யாரோ எடுத்துக்கொண்டுபோய் இரண்டு மடங்காக்கி நாசரேத்தில் கொடுத்திருக்கிறார்கள். அது யார் என்பதைப் பிறகு பார்க்கலாம். மார்க்கெட்டில் யார் யாரிடம் பேசினோம் என்று அவள் மனசுக்குள் ஒரு பட்டியல் ஓடி, மிக நீளமாக இருந்ததால் பாதியில் நின்றது.

"ரீபா, இன்லண்ட் லெட்டர் இருக்கா?"

"இருக்கும்மா."

"நான் எழுதட்டுமா?" என்று நேசையா எழுந்தார்.

"நீங்க வேண்டாம். நீங்க எழுதினா செங்கல்லுகூட வாழைக்குருத்தாயிரும். அவ எழுதட்டும்."

ரீபா மேஜையில் உட்கார்ந்தாள். டீச்சர் வகுப்பில் சொல்வது போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அன்புள்ள சகோதரிக்கு, ஸ்தோத்திரம். நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. எனக்குச் சர்க்கரை ஒன்பது வருஷமாக இருக்கிறது. இன்று காலை இருநூற்று எண்பத்தாறு. கண்ணோரத்தில் சீழ், கட்டைவிரலில் நகச்சுத்தி. கண் போகவில்லை. போகப் பார்த்தது, டாக்டர் பிடித்துக்கொண்டார். முன்னாலேயே எழுதாதது என் தப்பு. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"என் மகளுக்கு ரத்தம் பார்த்து அனுப்புகிறேன். அதே போல் உங்கள் மகனுக்கும், உங்களுக்கும், உங்கள் வீட்டுக்காரருக்கும் பார்த்து, டாக்டர் கையெழுத்தோடு அனுப்பவும். எங்கள் உறவிலும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்."

நேசையா இருமினார். டீச்சர் கண்டுகொள்ளவில்லை.

"இருபத்து நாலாம் தேதி வருவதானால் வாருங்கள். அதற்குள் எனக்குக் கண் சரியாகாது. மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். தப்பாக நினைக்க வேண்டாம். இப்படிக்கு, யூனிஸ் நேசையா."

சொல்லி முடித்ததும் உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. காபியை எடுத்துக் குடித்தாள். கசந்தது. பரவாயில்லை என்று இன்னொரு வாய் குடித்தாள்.

பேனா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கண் மங்கின பிறகு டீச்சரின் காது கூர்மையாகிவிட்டது. சொல்வதைக் கேட்டு எழுதுகிற பேனா நின்று நின்று போகும். மனசில் இருப்பதை எழுதுகிற பேனா நிற்காது. இது நிற்கவில்லை.

"நான் சொல்லி முடிச்சு எவ்வளவு நேரமாச்சு. இன்னும் என்ன எழுதுத?"

"முகவரி எழுதுதேன்மா."

"நாசரேத்துக்கு இவ்வளவு நீள முகவரியா?"

 நாற்காலி நகர்ந்தது. நேசையா எழுந்து மகளுக்குப் பின்னால் போய் நின்றது டீச்சருக்கு நிழலாகத் தெரிந்தது. அவருடைய மூச்சு ஒரு தடவை உள்ளே போய், வெளியே வர மறந்தது. மகளின் மங்கலான முகம் அவரை நோக்கி நிமிர்ந்ததும், வேண்டாம் என்பது போல ஆடினதும் தெரிந்தது.

"ஏங்க," என்றாள் டீச்சர். "அவ என்ன எழுதுதா?"

அந்த மனுஷன் வாழ்நாளில் அவ்வளவு நேரம் யோசித்ததில்லை. ஒரு பக்கம் இருபத்து நாலு வருஷம் வளர்த்த மகள், கை நடுங்க உட்கார்ந்திருக்கிறாள். பைய ஒரு வார்த்தை, முகவரிதான் என்று சொன்னால் போதும், அந்த முகம் மலரும். இன்னொரு பக்கம் டீச்சர், அவர் குரல் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு, அவரையே கண்ணாக நம்பி உட்கார்ந்திருக்கிறாள்.

"முகவரி இல்ல, டீச்சர்," என்றார் நேசையா.

பேனா நின்றது.